ஈறில் தடவிய தேன்

உப்பு குறைவாம். சாப்பாட்டுத் தட்டு அவள் நெற்றியைப் பிளந்துவிட்டுச் சுவரில் மோதியது.

ரத்தத்தைத் துடைக்க நேரமில்லை. மேசையடியில் கையளவு நாய்க்குட்டி வெடவெடவென்று நடுங்கியது.

“பசியில சர்க்கரை இறங்கிடுச்சு, பாவம்.” தேன் புட்டியில் விரலை விட்டு எடுத்துக் குட்டியின் ஈறில் தடவினாள்.

“புருஷன் பட்டினி, நாய்க்குத் தேனா?” புட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியே தெருவில் எறிந்தான். பிறகு கை ஓயும்வரை அவளை அடித்தான்.

குட்டி எழுந்து வாலாட்டியது. அவனுக்கு வேர்த்துக்கொட்டிக் கால் மடங்கியது.

“சாப்பிடப் போறோம்னு இன்சுலின் போட்டுட்டேன்டி... ஏதாவது இனிப்பு...”

“உங்களுக்கு ஆகாதுன்னு வீட்டுல சர்க்கரையே வாங்குறதில்லையே. இருந்த தேனையும் எறிஞ்சிட்டீங்க. இருங்க, கடைக்குப் போயிட்டு வரேன்.”

குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் செருப்பைத் தேடினாள்.