உருமிச் சத்தம்

மலேசியாவின் கூலிம் நகரில், தொழிற்சாலை கேண்டீனில் ஷீலாவின் கைப்பேசி அலறியது. இதய நோயாளியான அப்பாவுக்கு அவள் கட்டிவிட்ட ஸ்மார்ட் கடிகாரம், துடிப்பு தாறுமாறாக ஓடுவதாகச் சொன்னது.

பதறிப்போய் அழைத்தாள். பின்னணியில் கோயில் உருமி மேளம் முழங்கியது.

"அப்பா! டாக்டர் வேணாம்னு சொல்லியும் காவடி தூக்கிட்டீங்களா?"

"இன்னும் தூக்கலம்மா. நல்லாத்தான் இருக்கேன் லா" என்று சிரித்தார் புவனேசன்.

"பொய் சொல்லாதீங்க. இங்க காட்டுதே!"

"காவடி தூக்குனா அது கத்தும், நீ பயந்துருவ. கழட்டி வெச்சாலும் கண்டுபிடிச்சிருவ. அதான் காலையிலேயே அம்மா கையில கட்டிவிட்டேன். அவளுக்குத்தான் ஒரு நோவும் இல்லியே."

ஷீலா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அம்மா எங்கப்பா?"

"விரதக் களைப்பாம். அதோ, மரத்தடியில படுத்து..."

அவர் குரல் நின்றது. உருமி மட்டும் முழங்கிக்கொண்டே இருந்தது.