முதலிடம் பிடித்த காடு

அரசு விலைக்கு வாங்கிக் காப்பாற்ற வேண்டிய பசுமை இடங்கள் எவை என்று கோவை முழுவதையும் செயற்கைக்கோள் படத்தில் சலித்தெடுத்தவள் பொற்கொடி. நூற்றிருபது இடங்களில் முதலாவதாக வந்தது ஐயாசாமியின் நாலு ஏக்கர் புதர்க்காடு. இன்று மேலதிகாரி நேரில் பார்த்துத் தலையாட்டினால் அது பிழைக்கும். இல்லாவிட்டால் வீட்டுமனை சைட் போடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

மேலதிகாரியோடு ஜீப்பில் ஏறியதும் ஐயாசாமிக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, கெளம்பிட்டமுங்க. இன்னைக்கு சார் பார்க்கறதுதான் முடிவு."

"வாங்க அம்மணி. ரெண்டு நாளா எனக்கு அதே வேலைதான். ஆபீசர் மனசு குளிர்ற மாதிரி வெச்சிருக்கறனுங்க."

"மயில் இருக்குமாம்மா?" என்றார் மேலதிகாரி.

"மயில், கீரி, நாற்பது வகைப் பறவை, எல்லாம் இருக்குதுங்க சார்." படத்திலிருந்த கரும்பச்சையைக் காட்டினாள்.

ஜீப் நின்றது. நாலு ஏக்கரும் மழித்துப் போட்ட செம்மண்ணாகக் கிடந்தது. நடுவில் ஒரு பந்தல்.

"வாங்க, வாங்க" என்று ஐயாசாமி இளநீரை நீட்டினார். "பெரியவங்க வார எடம் முள்ளும் பூச்சியுமாக் கெடந்தா நல்லாவாங்க இருக்கும்? ஜேசிபி உட்டு வழிச்சுப்போட்டனுங்க."

பொற்கொடி கரும்பச்சைப் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மேலதிகாரி இளநீரை உறிஞ்சியபடி சுற்றிலும் பார்த்தார்.

"நல்ல செலக்‌ஷன்மா. மரம் நடற திட்டத்துக்கு இப்படியொரு காலி இடத்தைத்தான் தேடிட்டிருந்தோம். ரெண்டாவது இடத்துக்காரரையும் இதே மாதிரி சுத்தம் பண்ணி வெக்கச் சொல்லிரு."