நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சல்

"தலைவரே, வசமா மாட்டிக்கிட்டோம்!" போனில் அலறினான் சக போலீஸ்காரன் டாயில். "சாயங்காலம் நாலு மணிக்குள்ள டாக்டர் சர்டிபிகேட் கொடுக்காதவங்க அத்தனை பேருக்கும் சஸ்பென்ஷனாம். மேயர் ஆபீஸ் உத்தரவு!"

சார்ஜென்ட் லென் ஸவாட்ஸ்கி, வாய்க்குக் கொண்டுபோன நாலாவது பான்கேக்கைத் தட்டில் வைத்தார். காய்ச்சல்காரருக்கு அதுவரை நல்ல பசி.

போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் இடம் தராது. காய்ச்சல் வருவதைச் சட்டம் தடுக்க முடியாது. அதனால் இன்று காலை அந்த ஊரின் நூற்றுப் பன்னிரண்டு போலீஸாருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். வரவழைத்தவர் சங்கத் தலைவர் லென்.

மாலையில் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. 'வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் போலீஸ் ஆவணம் கேட்கக் கூடாது' என்று ஒரு தீர்மானம். அதை எதிர்த்துத்தான் இந்தக் காய்ச்சல். ஆதரவு நாலு, எதிர்ப்பு நாலு. மதில்மேல் பூனையாகக் கவுன்சிலர் ப்ரூவிட் அம்மாள். அந்த அம்மாளைத் தன் பேச்சால் இந்தப் பக்கம் இழுப்பதாக லென் சங்கத்தில் மார்தட்டியிருந்தார். சஸ்பெண்ட் ஆனவன் பேச்சை யார் கேட்பார்கள்?

"டாக்டர்கிட்ட போங்கடா!"

"எல்லா டாக்டரும் 'அடுத்த வாரம் வாங்க'ன்னு சொல்றாங்க. ஒரே இடம்தான் இருக்கு... ஆறாவது தெரு சர்ச் பேஸ்மென்ட்ல இலவச க்ளினிக்."

"அங்க பூரா அந்த வெளிநாட்டுக்காரங்கதானே வருவாங்க?"

"அவங்களேதான்."

லென் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார்.

பேஸ்மென்ட்டில் குறுகலான நடை. ஒரே பெஞ்ச். இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் ஆளாக ஒரு பெண். ஹோட்டல் சமையலறையில் கையை வெட்டிக்கொண்டவள் போலும், சுற்றியிருந்த துண்டு ரத்தத்தில் நனைந்திருந்தது.

சர்டிபிகேட் வேண்டுமென்றால் நடிப்பில் குறை வைக்கக் கூடாது. லென் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒத்திகையை ஆரம்பித்தார். இருமினார். நெஞ்சைப் பிடித்தார். காற்றுக்குத் தவிப்பவர் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். அவருக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புரியாத பாஷையில் குசுகுசுவென்று பேசினார்கள். அந்தப் பெண் ஏதோ சொல்ல, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கோல் ஊன்றிய கிழவர்கூடப் போய்விட்டார். இரண்டே நிமிடத்தில் நடை காலி.

லென்னுக்குப் புல்லரித்தது. 'உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியுமா?' என்ற விளம்பரத்தோடு அவர் முகம் ஊரிலுள்ள பஸ்களின் முதுகில் எல்லாம் ஒட்டப்பட்டிருந்தது. சங்கத்தின் செலவு வீண்போகவில்லை! முகத்தைப் பார்த்ததுமே ஓட்டம்!

டாக்டர் ஓஸ்ட்பி, ரிட்டயரான பாட்டியம்மா, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்.

"நெஞ்சுல சளியே இல்லியே?"

"ரொம்ப உள்ள இருக்கு டாக்டர்."

"எத்தனை நாளா?"

"தீர்மானம் வந்த... அதாவது, நேத்திலேருந்து."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். லென் பழக்க தோஷத்தில் அடையாள அட்டையை நீட்டினார்.

"அது வேண்டாம். இங்க யார்கிட்டயும் கேக்கறதில்ல. முடியலன்னு சொன்னா நம்புவோம்."

லென்னுக்கு அந்த விதி திடீரென்று ரொம்பப் பிடித்துப்போனது.

சர்டிபிகேட்டைப் பையில் வைத்தபடி படியேறும்போதே டாயிலைக் கூப்பிட்டார்.

"டேய், இன்னிக்கிப் பேச்சுக்கு பிரமாதமான விஷயம் கிடைச்சிருக்கு. என்னைப் பார்த்ததும் இருபது பேரும் ஓட்டம்டா! ஒருத்திக்குக் கை கிழிஞ்சு ரத்தம் கொட்டுது, அவளும் ஓடறா. தப்பு பண்ணாதவ எதுக்குடா ஓடணும்? இத ஒண்ணு சொன்னா போதும், ப்ரூவிட் அம்மா நம்ம பக்கம்!"

"தலைவர்னா தலைவர்தான்!"

கதவைத் தள்ளி வெளியே வந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

இருபது பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். வாசலை ஒட்டி, வந்த வரிசை கலையாமல், தோளெல்லாம் பனியோடு.

ஓடியவர்கள் வரிசையிலா நிற்பார்கள்? லென்னுக்கு ஒன்றும் ஓடவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடி காரைப் பார்த்து நடந்தார்.

"ஐயா!"

அந்தப் பெண்தான். நல்லா நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று லென் விறைப்பாக நிமிர்ந்தார்.

"இப்ப மூச்சு சரியா வருதா? உள்ள ரொம்பப் புழுக்கம். நாங்க அத்தனை பேரும் அடைச்சுக்கிட்டு நின்னா உங்களுக்குக் காத்து வராதேன்னுதான் வெளிய வந்துட்டோம்."

லென்னுக்கு முகம் ஜிவ்வென்று சுட்டது. அப்படியானால் இவள் ஆள் தெரியாமல் செய்துவிட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கொஞ்சமாவது தேவலை.

"நான்... நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன ஐயா, போலீஸ் சங்கத் தலைவர்." துண்டு சுற்றிய கையை மறு கையில் தாங்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். "அதுக்காக, மூச்சு முட்டுற மனுஷனை வரிசையில நிக்க வைக்க முடியுமா?"