விசாரணை நடந்துகொண்டிருக்கிறது

"ஐயா, நீங்க கவலையே படாதீங்க. உடனே விசாரணைக் குழு போட்டுட்டேன்!"

தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே துணைவேந்தர் எழுந்து நின்றார். எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்து இரண்டு தடவை குனிந்து வேறு வைத்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊசி என்பது விடுதியில் அவளுக்கு வைத்த பெயர். ஒல்லி என்பதற்காக அல்ல, எழுத்துக்காக. பல்கலைக்கழகச் சுவர்ப் பத்திரிகையில் அவள் எழுதியது இவ்வளவுதான்: 'புது நூலகத்தில் வள்ளலின் படங்கள் பதினாலு, நாற்காலிகள் பதினொன்று. உட்கார இடம் கிடைக்காதவர்கள் ஐயாவைத் தரிசித்தபடி நிற்கலாம்.'

வள்ளல் என்றால் அந்த நூலகத்தைக் கட்டிக் கொடுத்தவர். அடுத்து ஆய்வுக்கூடமும் கட்டித் தருவதாகச் சொல்லியிருப்பவர். "அந்தப் பொண்ணுக்கு டி.சி. குடுக்கிறீங்களா, இல்ல ஆய்வுக்கூடத்தை வேற பல்கலைக்கழகத்துக்குக் குடுத்துடவா?" என்று கேட்டிருந்தார்.

"எழுதினதுல என்ன சார் தப்பு? வேணும்னா எண்ணிப் பாருங்க."

"அதெல்லாம் குழு எண்ணும்மா," என்றார் துணைவேந்தர்.

'கருத்துச் சுதந்திரம் என் உயிர்மூச்சு' என்று முதலாண்டு வரவேற்பில் இந்த மனிதர் பேசியபோது எழுந்து நின்று கைதட்டியவள் ஊசி. இப்போது கை கூசியது.

அவளுக்கு இது இறுதியாண்டு. ஒரு செய்தித்தாளில் வேலை தயாராக இருந்தது. பட்டத்தோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். அம்மா வேறு அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

குழு எண்ணியது. கணிதப் பேராசிரியர் நேரில் போய் எண்ணிவிட்டு, படங்கள் பதினைந்து என்றார். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒன்று இருந்திருக்கிறது. தப்பான கணக்கை வைத்து எப்படிக் குற்றம் சாட்டுவது? குற்றச்சாட்டைத் திருத்தி எழுத ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்த கூட்டத்தில் தாவரவியல் பேராசிரியர், கால் ஆடுகிற நாற்காலியை நாற்காலியாகக் கொள்ளலாமா என்று கிளப்பிவிட்டார். அது முடிவதற்குள் தேநீர் வந்துவிட்டது. மூன்றாவது கூட்டத்தன்று குழுத் தலைவருக்குப் பல்வலி.

"பேசாம மன்னிப்புக் கேட்டுத் தொலையேண்டீ," என்றாள் அறைத்தோழி.

"எதுக்கு? ஒரு படத்தைக் குறைச்சு எழுதினதுக்கா?"

ஆத்திரம் தீராமல் ஊசி அடுத்த இதழில் துணைவேந்தரையே பிடித்துப் போட்டாள்: 'நம் துணைவேந்தருக்கு முதுகெலும்பு உண்டா? குழு விசாரித்து வருகிறது.'

துணைவேந்தர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவர் முன்னால் நின்று முழுதும் படித்தார். படித்துவிட்டு இரண்டாவது குழு போட்டார். முதல் குழு இருக்கும்போது இரண்டாவது குழு கூடலாமா என்று பார்க்க மூன்றாவது குழு.

வள்ளல் மாதம் தவறாமல் கூப்பிட்டார். "மும்முரமா நடக்குதுங்க ஐயா! இப்ப மூணு குழு!" என்று துணைவேந்தர் குழைவது வராந்தா வரை கேட்டது. வள்ளலுக்கும் சந்தோஷம்தான். ஒரு சின்னப் பெண்ணுக்கு மூன்று குழு என்றால் சும்மாவா? ஆய்வுக்கூடமும் ஒரு பக்கம் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தது.

தேர்வு முடிந்தது. முடிவும் வந்து ஊசி தேறிவிட்டாள். விசாரணை மட்டும் முடியவில்லை. அது முடியாமல் பட்டம் எங்கே தரப்போகிறார்கள்? வேலையில் சேர இன்னும் நாலே நாள்.

பொறுத்தது போதும் என்று ஒரு நாள் காலையில் துணைவேந்தர் அறை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கையில் அட்டை: 'விசாரணையை உடனே முடி!'

துணைவேந்தர் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எது வேணும்னாலும் எழுதும்மா. என்னைக் கழுதைன்னுகூட எழுதிக்கோ. இதை மட்டும் கேக்காதே!"

"வள்ளல்னா அவ்வளவு பயமா சார்?"

"ஆமாம்மா, ரொம்ப!" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போச்சு, மூன்று வருடப் படிப்பும் போச்சு.

"இங்க என்ன பண்றே? உன்னைத்தான் தேடிட்டிருக்கேன்," என்றபடி வந்தார் அலுவலகக் கோப்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. "வந்து கையெழுத்துப் போட்டுப் பட்டத்தை வாங்கிக்கோ."

"பட்டமா? விசாரணை நடக்குதே மேடம்?"

"நடக்கிறதாலதான் தர்றோம். விசாரணை முடியாம யார் பட்டத்துலயும் கை வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "முடிஞ்சிருந்தா அன்னிக்கே உனக்கு டி.சி.தான். முடிவெடுக்கிற ஆட்சிக்குழுவுல முக்கால்வாசி வள்ளலோட ஆளுங்க. துணைவேந்தர் ஒருத்தர் உனக்காகக் கையைத் தூக்கி என்ன ஆகப்போகுது?"

"அப்போ... குழுத் தலைவரோட பல்வலி?"

"அவருக்கு எல்லாமே பல்செட்டும்மா."

ஊசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதுகெலும்பைப் பற்றி எழுதியதை எந்தத் தண்ணீர் ஊற்றி அழிப்பது?

"இப்படி ஒரு வழி இருக்குன்னு சாருக்கு எப்படி மேடம் தோணுச்சு?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழுப்பேறிய கோப்பு ஒன்றை உருவி, தூசு தட்டிக் காட்டினார்.

"இங்க படிக்கிறப்போ, அப்ப இருந்த வள்ளலைப் பத்தி அவரும் சுவத்துல எழுதிட்டாரு. விசாரணைக் குழு போட்டு முப்பத்தாறு வருஷம் ஆகுது. அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை."