சிவப்புப் புள்ளி

திரையில் ஒரு செருப்பு தெரிந்தது. அடுத்து சோபாவின் கால். அப்புறம் ஒரே இருட்டு.

“காமிராவை ஓடவிட்டபடியே பைக்குள்ள போட்டுட்டாங்க சார்,” என்றார் கடைக்காரர்.

வெளிநாட்டு வீடியோ டேப்புகளை உள்ளூரில் ஓடும்படி மாற்றித் தருவது அவர் தொழில். டேப்பைக் கொண்டுவந்திருந்த பெரியவர் அதை வீட்டு டெக்கில் போட்டபோது படம் மேலும் கீழுமாக உருண்டது. இங்கே ஆடாமல் நின்றது. நின்று என்ன, செருப்புதான்.

வெளிநாட்டில் இருக்கும் மகளின் புது வீட்டைப் பார்க்கப் பெரியவரின் மனைவி மட்டும்தான் போனாள். விமானம் என்றாலே அவருக்குப் பயம். “நீங்க வரவே வேணாம். அறை அறையா எடுத்து அனுப்பறேன், உக்காந்த இடத்துலயே பாருங்க” என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

அந்த வீட்டை அவள் சொல்லச் சொல்லச் சுற்றிப் பார்க்கத்தான் அவர் டேப்போடு வந்திருந்தார்.

இருட்டுக்குள் அவள் தொண்டையைச் செருமினாள். “சரி, ஆரம்பிக்கிறேன். ஏங்க...”

படம் அறுந்தது. மறுபடியும் செருப்பு.

“ஏங்க, இங்க பாருங்க...”

தரைவிரிப்பு.

“அம்மா மாத்தி மாத்தி அமுக்கியிருக்காங்க சார். எடுக்கறப்ப நின்னிருக்கு, நிறுத்தினப்ப ஓடியிருக்கு.”

பெரியவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்துகொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் “சிவப்பு, சிவப்பு” என்று அவர் தோளைத் தட்டியவள் அவள். காமிராவில் சிவப்புப் புள்ளி எரிந்ததும் நின்றுவிட்டது என்று கீழே வைத்திருப்பாள். வேறென்ன செய்வாள்?

தரைவிரிப்புக்கு மேலே எங்கிருந்தோ அவள் குரல் கேட்டது. “உங்கப்பா இந்நேரம் பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைச்சிட்டு நிப்பார்டி.”

மகளின் சிரிப்பு.

“பயந்தாங்கொள்ளி மனுஷன். கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும்.”

அன்று காலையும் அவர் அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

கடைக்காரர் வேகமாக ஓட்டிப் பார்த்தார். “வீடே வரல சார். இதெல்லாம் வேஸ்ட். வெட்டிட்டு, மிச்சத்துக்கு மியூசிக் போட்டுத் தரட்டுமா?”

“ஒரு துளிகூட வெட்டாதீங்க.”

டேப்பின் கடைசியில் திரை முழுக்க ஒரு கண் வந்து நின்றது. அவள்தான். குனிந்து லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டைவிரலால் அதைத் துடைத்தாள்.

“நின்னுடுச்சா பாருடி.”

“இல்ல,” என்று அவர் வாய்க்குள் முணுமுணுத்தார்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “அம்மா ஊர்லேருந்து வந்ததும் காமிராவோட ஒரு நடை இங்க வரச் சொல்லுங்க சார். அஞ்சு நிமிஷ வேலை, சொல்லிக் குடுத்துடறேன்.”

“சொல்றேன்,” என்றார் அவர்.

அவளை அந்த ஊரிலேயே அடக்கம் செய்துவிட்டு, டேப் இருந்த அவள் துணிப்பெட்டியை மட்டும் மகள் கொண்டுவந்து கொடுத்ததை அந்தக் கடையில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.