ரோஸ்லினின் தோழர்

ரோஸ்லினின் காதில் இருப்பது தொழிற்சங்கம் கொடுத்த தோடு. அதற்குள் ஒரு குரல் இருக்கிறது. அதை எல்லோரும் தோழர் என்பார்கள். ஆலையில் விசாரணைக்கு அழைத்தால் அவளுக்காக வாதாடுவது தோழர்தான். கல்யாணத்துக்குக் கணவன் சகாயம் வாங்கிக் கொடுத்த தோட்டை அவள் கழற்றி ஆறு மாதமாகிறது.

துணி மடிக்கும்போது அவள் தோழரிடம் மெல்லப் பேசிச் சிரிப்பாள். தன்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சகாயம் எண்ணிப் பார்ப்பான்.

“அப்படி என்னதான் சொல்றான்?”

“சும்மா இருங்க. சூப்பர்வைசரை எப்படி மடக்கினாரு தெரியுமா? ‘குற்றச்சாட்டை எழுத்துல குடுங்க’ன்னாரு. அந்தாளு புகாரையே விட்டுட்டான்.”

“நான் உனக்காகப் பேசினதே இல்லையா?”

“எங்க, உங்க அம்மாகிட்டயா?”

அதே ஆலையில் சகாயம் ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்த ஆட்களுக்குச் சங்கமும் இல்லை, தோடும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவனை விசாரணைக்கு அழைத்தார்கள். இயந்திரம் பழுதானது அவனால்தான் என்றார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள், இந்தப் பக்கம் அவன் மட்டும். பழுதை இரண்டு முறை முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் நா எழவில்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் ரோஸ்லின் அழுதாள். அவன் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவர்கிட்ட ஒண்ணு கேளு.”

“என்ன கேக்க?”

“நான் என்ன சொல்லியிருக்கணும்னு.”