வெற்றிடத்தில் வைத்த நட்சத்திரம்

அந்தக் கொத்திலுள்ள நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்தவை. அவற்றின் வயதைச் சொல்லும் கணினி மாடலைச் சோதிக்க, ஆராய்ச்சிக்காரி வழக்கம்போலக் கொத்தின் தொலைநோக்கிப் படத்தில் இருந்த வெற்றிடத்தில் ஒரு போலி நட்சத்திரத்தைச் சேர்த்தாள்; வேலை முடிந்ததும் அழித்துவிட்டாள்.

மறுநாள் தொலைநோக்கியிலிருந்து புதுப் படம் வந்தது. போலி அதே இடத்தில் இருந்தது.

"அழிக்க மறந்துட்டியா தாயே?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"இது இன்னைக்கு வந்த படம் சார். நான் இன்னும் கையே வைக்கல."

"வயசு என்ன காட்டுது?"

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மாடலை மறுபடி ஓட்டினாள்.

"ஒரு நாள்."

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "சரி, இத நீ வச்ச. மத்ததெல்லாம் யாரு வச்சது?"

அவள் மற்ற நட்சத்திரங்களைப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் அத்தனைக்கும் ஒரே வயது.